மாடிப்படி ஏறிய ஓசை

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த உடனே வாசிக்கக் கூடாது. அரை மணி நேரமாவது சூடேற விட வேண்டும், இல்லாவிட்டால் சுருதி நிற்காது. நேற்று என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்து வந்த சின்தசைசரைத்தான் சொல்கிறேன், சார். ஸ்டேஷனில் யாராவது வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இனி அதைத் தொடுகிற தெம்பு இல்லை.

என் பெயர் நல்லகாமன். சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். எட்டு வருடமாகத் தல்லாகுளத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். விருமாண்டி அண்ணனின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். என் மனைவி சீனியம்மாள் என் தாய்மாமன் மகள். புகார் கொடுத்த காளை அவளுடைய அண்ணன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எண்பத்து நாலு தொடக்கத்தில் எங்கள் பேஸ் கிடார்க்காரர் துபாய் போய்விட்டார். விருமாண்டி அண்ணன் சிங்கப்பூரிலிருந்து இந்தப் பெட்டியை வரவழைத்து, பேஸ் என்கிற அந்தத் தாழ்ந்த அடி ஓசையையும் என்னையே இடது கையில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"என்ன தம்பி, எண்ணெய் டின்னுல தட்டுன மாதிரி இருக்கு. பந்தியில இருக்கவன் எந்திரிச்சு ஓடிருவான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் செப்டம்பரில் ஒரு கேசட் பதிவு இருந்தது. அது நன்றாக அமைந்தால் எனக்கு மெட்ராஸ் ஸ்டுடியோவில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் குமிழ்களைத் திருகினேன். இரண்டு ஓசைகளை ஒரே சுரத்தில் வைத்து, ஒன்றை மட்டும் மயிரிழை விலக்கினால் சத்தம் பருக்கும். ஃபில்டரை மூடினால் கூர்மை போகும். கனம் வந்தது, கதகதப்பு வரவில்லை.

சின்ன வயதுக் காய்ச்சலில் சீனியம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. மெட்ராஸில் ஆபரேஷனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தோம். ஒருநாள் குடத்தோடு மாடி ஏறி வந்தவள் மூச்சு வாங்கி, பாயில் இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். பயந்துபோய் நெஞ்சில் காதை வைத்தேன். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ஓர் உருட்டல் கேட்டது. மடியில் படுத்த பூனை உறுமுவதுபோலத் தாழ்வாக, இதமாக. நான் தேடியது அதுதான்.

மறுநாளும் கேட்க வேண்டும் என்றபோது அவள் சிரித்தாள். "என் நெஞ்சு என்ன மச்சான், ஒங்களுக்குச் சுருதிப்பொட்டியா?"

சும்மா படுத்திருந்தால் அது சரியாகக் கேட்காது. படி ஏறி வந்தால்தான் கேட்கும். பெட்டியும் வெயிலுக்கும் வோல்டேஜுக்கும் தகுந்தபடி தினமும் மாறும், அவள் நெஞ்சோடு ஒத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். காலை எட்டு மணிக்குக் கரண்டு சீராக இருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் அப்போதுதான். அதனால் காலையில் ஒரு குடம். ஓசை பிடிபடாத நாளில் இரண்டு. நான் கொடுமைக்காரன் இல்லை சார். முக்கால் குடம்தான் நிரப்பச் சொன்னேன்.

ஜூலையில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். முன்பே ஒரு டாக்டரிடம் கேட்டிருந்தேன், வால்வை விரித்துவிட்டால் அந்த உருட்டல் இருக்குமா என்று. "போயிரும்பா, அதுக்குத்தானே ஆபரேஷன்" என்று தோளைத் தட்டினார். எனக்கு அது ஆறுதல் என்று நினைத்திருப்பார். பதிவு முடியட்டும், ஒரு மாதம்தானே என்று, பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றிக் கடிதத்தை உள்ளே வைத்தேன்.

காளை சனிக்கிழமைதோறும் திருமங்கலத்தில் பஸ் மாறி வருவார்.

"லெட்டர் வந்துச்சா மாப்ள?"

"இன்னும் வரல மச்சான்."

"வரட்டும். எம்புட்டு ரத்தம் வேணும்னாலும் எங்கிட்ட எடுத்துக்கிறச் சொல்லு. பிள்ளைய மட்டும் படி ஏற விடாத."

உள்ளேயிருந்து சீனியம்மாள் குரல் கொடுப்பாள். "எனக்கு ஒண்ணுமில்லண்ணே. இவருதான் பொழுதன்னைக்கும் என் நெஞ்சுல காத வச்சுக்கிட்டுக் கெடக்காரு."

காளை வெட்கப்பட்டு வாசலுக்குப் போய்விடுவார். தங்கச்சிக்கு இப்படி ஒரு புருஷன் வாய்த்தானே என்று ஊரில் சொன்னாராம்.

செப்டம்பரில் இரண்டாவது கடிதமும் வந்தது, வேறு தேதி போட்டு. அதுவும் தகட்டுக்குள் போனது. அந்த மாதம் இருபதாம் தேதி கேசட் பதிவானது, இரண்டாம் பக்கம் முழுக்க அந்த உருட்டல்தான் பேஸ். விருமாண்டி அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "எப்புடிடா பிடிச்ச இத?" என்றார்.

அக்டோபர் ஒன்றாம் தேதியைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதிவு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. குமிழ்களின் பக்கத்தில் சாக்பீஸ் குறி போட்டிருந்தேன், அது போதுமானதாக இருந்தது. அன்று எனக்குக் குடம் தேவையே இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். முகம் வீங்கி உட்கார்ந்திருந்தவளிடம், "சீனி, ஒரு குடம்" என்றேன். "இன்னைக்கு முடியல மச்சான்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு" என்றேன். எழுந்து போனாள்.

ஏறும்போது பாதிப் படியில் குடம் விழுந்து உருண்டது. ஓடிப் போய் நெஞ்சில் காதை வைத்தேன். எதுவும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று தபால்காரர் மூன்றாவது கடிதத்தைக் காளையிடம் கொடுத்துவிட்டார். இரண்டு முறை அழைத்தும் வராததால் பெயரை நீக்கிவிட்டதாக எழுதியிருந்தது. காளை என்னைப் பார்த்தார். நான் திருப்புளி எடுத்து, தகட்டைக் கழற்றி, மற்ற இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன்.

"ஏன் மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

கடிதங்களை மறைத்தது நான். ஏறக் கூடாது என்று தெரிந்தே அவளை ஏற வைத்தது நான். அவள் சாவுக்கு நானே காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தைக் காளைக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு தடவை கேட்டால் போதும், தங்கச்சியை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அவருக்கே தெரிந்துவிடும்.