இன்னும் ஒரு மூடி

மாப்பிள்ளைக்குப் பசிக்குது, எனக்குத் தெரியுது. பந்தியில வடை பொரியற வாசம் இந்த மேடை வரைக்கும் வருது. ஆனாலும் என்னைப் பேசக் கூப்பிட்டுட்டீங்க... ஒரே ஒரு சின்னக் கதைங்க. அதைச் சொல்லிட்டு நானே முதல் ஆளா பந்திக்கு ஓடிர்றேன். சரிங்களா?

பொள்ளாச்சியில மரகதம்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் சிதம்பரநாதன், ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த அம்மா வீட்டுலயே சோப்பு போடுவாங்க. தேங்காயெண்ணெயில காஸ்டிக் சோடாத் தண்ணியைக் கலக்கி, மணத்துக்கு வாசனை எண்ணெய் சேத்து, அச்சுல ஊத்தி, ஒரு மாசம் அலமாரியில காய வச்சு எடுக்கற சோப்பு.

ஒரே பொண்ணு அபிராமி. மாசமா இருக்கு. ஏழாம் மாசத்துல வளைகாப்பு வச்சிருக்காங்க. வர்றவங்களுக்கெல்லாம் வளையலோட எங்கம்மா கையால செஞ்ச சோப்பு ஒண்ணுன்னு பொண்ணு மாமியார் வீட்டுல பெருமையாச் சொல்லிருச்சு. சோப்பு காய ஒரு மாசம். வளைகாப்புக்கு இருக்கறதும் ஒரு மாசம். அப்ப என்ன அர்த்தம்? இன்னிக்கு ஊத்துனாத்தான் உண்டு!

காலையில உக்காந்துட்டாங்க மரகதம்மா. சோப்புல ஊத்தறதுக்கு முன்னாடி, மணத்தைத் தனியா ஒரு பாட்டில்ல கூட்டணும். வெட்டிவேர் எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், துளியூண்டு லவங்க எண்ணெய். காகிதத்துல தொட்டு மோந்து பாக்கணும். காத்துல மணம் பறந்துரும்னு ஜன்னலையெல்லாம் சாத்தியாச்சு. ஃபேனையும் நிறுத்தியாச்சு. வேர்த்து ஊத்துது... மோந்து பாக்கறாங்க. ஆஹா, அருமை!

பத்து நிமிசம் கழிச்சு மறுபடி மோந்தாங்க. என்னமோ கம்மியா இருக்கு. ஒரு மூடி வெட்டிவேர் ஊத்துனாங்க. மறுபடி மோந்தாங்க. எலுமிச்சைப்புல் ஒரு மூடி. மறுபடி... அட, சுத்தமா மணக்கலையே!

"ஏனுங்க! இங்க வாங்க. இதை மோந்து பாருங்க."

அவரும் காலையில இருந்து அதே ரூம்லதான் பேப்பர் படிக்கறாரு. மோந்தாரு. "ஒண்ணும் தெரியலையே மரகதம்."

"பாத்தீங்களா? அப்ப இன்னும் ஒரு மூடி ஊத்தணும்."

"ஏற்கெனவே நெறய ஊத்திட்டியே..."

"உங்களுக்கென்ன தெரியும்? இருபத்தெட்டு வருசமா என் ரசத்தையே நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. சோப்பைப் பத்திச் சொல்ல வந்துட்டாரு!"

சிரிக்கறீங்க... எந்த வீட்டுலதான் இது இல்ல?

ஆனா விசயம் சிரிப்பில்லீங்க. ஒரு கிலோ எண்ணெய்க்கு இவ்வளவுதான் மணம்னு ஒரு அளவு இருக்கு. அதைத் தாண்டுனா உடம்பு எரியும், தடிச்சுப் போகும். முதல் சோப்பைப் போட்டுக் குளிக்கப் போறது யாரு? மாசமா இருக்கற பொண்ணு! பதட்டத்துல அந்த அம்மாவுக்கு அதுகூட மறந்து போச்சு.

மறுபடி மூடியைத் திறக்கறாங்க... அந்நேரம் பாத்து சிலிண்டர் போடறவரு வாசல்ல வந்து நிக்கறாரு.

"அக்கா... என்னக்கா இது! தெரு முக்குலயே ஆளைத் தூக்குது!"

மரகதம்மாவுக்குக் கோவம். "தம்பி, கிண்டல் பண்ணாதே."

ஆனா சிதம்பரநாதன் யோசிச்சாரு. வெளிய இருந்து வந்த ஆளுக்கு மணக்குது. உள்ள இருக்கற நமக்கு மணக்கல. அப்ப கோளாறு பாட்டில்லயா... மூக்குலயா?

"மூடியை வை மரகதம். செருப்பைப் போடு. ரெண்டு பேரும் ஒரு நடை போயிட்டு வரலாம்."

"இப்பவா? சோப்பு?"

"சோப்பு எங்கயும் ஓடிராது. வா."

போனாங்க. மார்க்கெட் ரோட்டுல ஒரு சுத்து, ஆளுக்கொரு இளநி. சேந்து நடந்து எத்தனை வருசம் ஆச்சுன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. அரை மணி நேரம் கழிச்சுத் திரும்பி வர்றாங்க. வாசப்படியில கால் வச்ச மரகதம்மா...

நின்னுட்டாங்க.

அப்படி ஒரு மணம்! வீடு முழுக்க! "அடக் கடவுளே... இது இத்தனை நேரமும் இங்கதான் இருந்துச்சா?"

உள்ள ஓடி அளவு நோட்டைப் பாத்தாங்க. பாட்டில்ல மணம் ஏகத்துக்கும் கூட. நல்லவேளை, இன்னும் சோப்புல ஊத்தல. அந்த மணத்துக்குத் தக்கபடி தேங்காயெண்ணெயையும் சோடாவையும் கணக்குப்படி கூட்டிக் கலக்குனாங்க. நூறு சோப்பு போட வேண்டிய எடத்துல நூத்திமுப்பது. பொண்ணு நல்லபடியாக் குளிச்சுது. மாமியார் வீட்டுல, இன்னும் ரெண்டு இருக்கான்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

ஆனா கதை அது இல்லீங்க. அன்னிக்கு அந்த வாசப்படியில நின்னுக்கிட்டு சிதம்பரநாதன் ஒண்ணு சொன்னாரு. "மரகதம்... உன் ரசமும் இப்படித்தான் இருந்திருக்கும் போல. நான்தான் உள்ளயே உக்காந்துட்டேன்."

மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. இன்னிக்கு உங்களுக்கு எல்லாமே மணக்கும். ஒரு வருசம் போகும்... ரெண்டு வருசம் போகும்... ஒரு நாள், இவருக்கு என்மேல பாசமே இல்லையோன்னு தோணும். இவளுக்கு என்மேல அக்கறையே இல்லையோன்னு தோணும். உடனே இன்னும் ஒரு மூடி கேக்காதீங்க. அது கொடு, இது செய்னு ஊத்தச் சொல்லாதீங்க. கொஞ்சம் எந்திரிச்சு வெளிய போங்க. போயிட்டு வந்து, வாசல்ல நின்னு மூச்சு இழுத்துப் பாருங்க. வேணுங்கற அளவுக்கு மேலயே அங்க இருக்கும். கெட்டுப் போனது மணம் இல்லீங்க, பழகிப் போனது மூக்கு!

ஊருக்குச் சொல்லிட்டேன்... எனக்கு? மூணாவது வரிசையில எங்க வீட்டம்மா உக்காந்திருக்காங்க. காலையில எனக்கு முன்னாடியே மண்டபத்துக்கு வந்துட்டாங்க. நான் அப்புறமா பஸ்ஸைப் பிடிச்சு வந்து, அந்த வாசல்ல நின்னு உள்ள பாத்தேன். கனகாம்பரம் வச்சுக்கிட்டு, யாரோ ஒரு கைக்குழந்தையை மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தாங்க. முப்பத்தொரு வருசமாப் பாக்கற முகம்...

ரொம்ப அழகா இருந்தீங்க சாவித்திரி. இதை நான் வீட்டுலயே சொல்லியிருக்கணும்.