அவர் வந்தால்தான் இறங்கும்

பொம்மசந்திராவிலிருந்து கிளம்பிய பேருந்து ஓசூர் ரோடு நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர், கழுத்தில் ஒரே கம்பெனி அட்டை.

ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான்: “நேத்து அவரு வரவே இல்ல மச்சி. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ.”

“யாருடா?”

“ஒரு பழைய நாதஸ்வரக் கச்சேரி டவுன்லோடு பண்றேன்ல, அவரு.”

“இன்னுமா இறங்கல? புது பிராட்பேண்டுதானே போட்ட? மோடத்தை ஆஃப் பண்ணிப் போட்டுப் பாரு.”

“லைன் சூப்பரா இருக்கு. மத்ததெல்லாம் நிமிஷத்துல இறங்குது. இந்தக் கச்சேரியை நெட்ல வச்சிருக்கறது அவரு ஒருத்தர்தான். அவரு கம்ப்யூட்டரைப் போட்டா எனக்கு இறங்கும், அணைச்சா நின்னுடும்.”

“ஆளு யாரு, எந்த ஊரு?”

“தெரியாது. சாயங்காலம் ஆனா வந்துடுவாரு. ஞாயித்துக்கிழமைன்னா மத்தியானமே வந்துடுவாரு.”

“விடுறா. அதே கச்சேரி எங்க மாமாகிட்ட சிடியில இருக்கு. நாளைக்கே கொண்டாறேன்.”

பேருந்து மெல்ல நகர்ந்தது. ஜன்னலோரக்காரன் வெளியே பார்த்தபடியே சொன்னான்.

“வேணாம் மச்சி. ஈஜிபுரா போய் ரூமைத் திறந்ததும், அவரு வந்துட்டாரான்னுதான் மொதல்ல பாக்கறேன். அந்த ரூமுக்கு வேற யாரு வர்றா?”