பிரான்சு மந்திரிசபையும் ஒரு கல்யாணமும்

“பிரான்சு மந்திரிசபை புதன்கிழமை வரைக்கும் தாங்குமுங்களா மச்சான்?”

சேலம் ஜங்ஷனில் சென்னை ரயில் ஏறிய இளைஞரின் இவ்வினா, மேடைதோறும் உலக அரசியல் முழங்கும் என்னையே நிமிர வைத்தது. பிரான்சில் மந்திரிசபைகள் அடிக்கடி கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது; புதனன்று அவருக்குச் சர்க்கார் உத்தியோகத்துக்கான பொது அறிவுப் பரீட்சை. எதிரே, பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக் கேள்வி கேட்டு வந்தவர், அவருக்குப் பேசி வைத்த பெண்ணின் அண்ணன்.

“தாங்கோணும் மாப்ள. நீங்க பாஸானாத்தான் பொண்ணுன்னு எங்கப்பா ஒரே புடியா நிக்கறாருங்க.”

ஜோலார்பேட்டையில் புதிய பத்திரிகை வாங்கினார்கள். மந்திரிசபை கவிழ்ந்திருந்தது.

“போச்சுங்க! அத்தனை மந்திரி பேரும் உருப்போட்டு வெச்சிருந்தனுங்க!”

“பதறாதீங்க. கேள்வித்தாள் அச்சாகி மாசமாயிருக்கும். பழைய பேரையே எழுதுங்க.”

“திருத்தறவரு இன்னைக்குப் பேப்பரப் படிச்சிருந்தா?”

அண்ணன் பத்திரிகையை மடித்துப் பெஞ்சுக்கடியில் தள்ளினார்.

“பழைய பேரையும் எழுதி, கவுந்து போச்சுன்னும் சேத்து எழுதிப்போடுங்க மாப்ள. பிரான்சு நிலைக்கட்டும்னு காத்திருந்தா, என் தங்கச்சிக்கு இந்த ஜென்மத்துல கல்யாணமே ஆகாது.”