கல் எடுத்த விருந்தாளி

மணலைப் பெருக்குவதற்கு ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் செஸ்ஃபொன்டைன் ஊரில் இருக்கும் என் தங்கை இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கட்டும். பாலைவனம் கடலைத் தொடும் அந்தக் கரையில் நான் வேலை செய்யும் விடுதிக்கு எதற்கு ஆட்கள் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தங்களுக்கு முன்னால் ஒருவருமே இந்தப் பக்கம் வந்ததில்லை என்று நினைத்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். காலையில் குடிலின் கதவைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய வரை ஒரு காலடி தெரியக் கூடாது. விருந்தாளிகள் எழுவதற்கு முன்பே, குச்சி கட்டிய துடைப்பத்தை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து நான் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். என் காலடியும் மிஞ்சாது.

உட்கார்ந்து பேசச் சொல்கிறீர்கள். முடியவில்லை, ஐயா. அந்த ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் காவலர் பூட்ஸோடு கொண்டுவந்த மணல் வேறு வாசலில் அப்படியே கிடக்கிறது. என் கண் அங்கேயேதான் போகிறது. நின்றுகொண்டே சொல்கிறேன்.

விடுதியில் கவெசேரி என்று ஒரு ஹெரெரோ இனத்துப் பையன் வழிகாட்டியாக இருக்கிறான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். என் இடது பாதம் பிறவியிலேயே வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

"அக்கா, உன் வலது காலு கடலுக்குப் போகுது, இடது காலு மலைக்குப் போகுது. நீ எங்க போறேன்னு மணலுக்கே குழப்பம்."

"அதான் பெருக்கிடுறேனே. உனக்கென்னடா நோவு?"

புதிதாக வருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "மூடுபனி இறங்கிச்சுன்னா முன்னால ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. திரும்புங்க. உங்க காலடியே உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடும்." உண்மைதான். பனிக்குள் கடல் சத்தம் நாலு பக்கமும் கேட்கும். அதை நம்பினால் நேரே பாலைவனத்துக்குள் போய்விடுவோம். அங்கே நம்பக்கூடியது நாம் வந்த காலடி மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் கோத்ஹார்ட் அங்கே சமையல்காரராக இருந்தார். பல வருஷங்களுக்கு முன் ஒரு பனிக்காலையில் சாமான் லாரியைப் பிடிக்கப் போனவர் லாரிக்குப் போய்ச் சேரவில்லை. கரையோரமாகத்தான் போயிருப்பார் என்று எல்லோரும் கடற்கரையைத் தேடினார்கள். இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு சரளைத் தரை இருக்கிறது. அந்தத் தரையில் ஒருமுறை கால் பதிந்தால் வருஷக்கணக்கில் போகாது, பெருக்கவும் முடியாது. பெருக்கினால் பெருக்கிய கோடும் சேர்ந்து நிலைத்துவிடும். அவருடைய கடைசிக் காலடிகள் அங்கே இருந்தன. தேடியவர்களை நான் அங்கே கூட்டிப்போய்க் காட்டுவதற்கு முன்பே பக்கத்தில் சில கற்களை வைத்துவிட்டிருந்தேன்.

எங்கள் டமாரா ஜனங்கள் வழியில் கற்குவியலைக் கண்டால் தாங்களும் ஒரு கல்லைப் போட்டு, நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார்கள். அந்த வழக்கத்தை நான் விருந்தாளிகளுக்கும் சொன்னேன். குவியலாக வேண்டாம், அவர் தடத்துக்கு இடது பக்கம் வரிசையாக வையுங்கள் என்றேன். ஒவ்வொருவருக்கும் இடத்தை நானே காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு வைப்பார்கள். சிலர் அழுவார்கள். எனக்கும் அழுகை வரும், நடிப்பில்லை. அவரை நான் எவ்வளவு மதித்தேன் என்பதற்கு அந்தக் கல்வரிசையே சாட்சி.

ரைமுண்ட் ஐயாவும் நல்ல மனிதர்தான். ப்ரேமன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி சில்கேயோடு வந்திருந்தார். முழங்கால் வலியோடு கைத்தடி ஊன்றி நடந்தாலும் கண் தரையிலேயே இருக்கும், கல் பொறுக்கும் பைத்தியம். மற்றவர்கள் கல் வைத்த இடத்தில் அவர் ஒரு கல்லை எடுத்தார். காலைச் சாப்பாட்டு மேஜையில் அதை என் முன்னாலேயே வைத்தார்.

"ஒட்டிலி, கோவிச்சுக்காதே. இதுல ஓடுற சிவப்புக் கோட்டைப் பாரு. கை சும்மா இருக்கல."

"எங்க வீட்டுல கல்லு வைக்கவே இடம் இல்ல," என்றார் சில்கே. "நான் எங்க படுக்கிறதுன்னு அவரையே கேளு."

"அது கிடக்கட்டும். கல்லுக்கு அடியில ஒரு காலடி இருக்கு ஒட்டிலி, சின்னக் காலடி. பக்கத்துல ரெண்டு கல்லைத் தூக்கிப் பார்த்தேன், அங்கயும் இருக்கு. உன் வீட்டுக்காரர் போனதோட சரி. இது போயிட்டுத் திரும்பியும் வந்திருக்கு. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

"அடப் பாவமே. இத்தனை வருஷமா உனக்கே தெரியலையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "படம் எடுத்து வச்சிருக்கேன். கவெசேரி பார்த்தா யாருன்னு சொல்லிடுவான்."

அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவருக்கு வைத்த கல்லை எடுத்ததும் பிடிக்கவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று எழுதுகிறீர்கள். பயமில்லை, ஐயா. கோபம்தான். நியாயமான கோபம்.

"அவன்கிட்ட அப்புறம் காட்டலாம். நாளைக்குக் காலையில நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். "மேட்டுக்கு அந்தப் பக்கம் அந்தக் காலடி இன்னும் இருக்கு. அம்மா தூங்கட்டும்."

மறுநாள் விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். பனி நன்றாக இறங்கியிருந்தது. என் கையில் துடைப்பம் இருந்தது. அது இல்லாமல் இருந்தால்தான் யாராவது கேட்டிருப்பார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு ரஸ்க் எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். தின்றுகொண்டே சரளைத் தரையைக் கடந்து, மேடேறி, அந்தப் பக்கம் வெகுதூரம் இறங்கினோம்.

"இங்கயே நில்லுங்க ஐயா. வழி சரியா இருக்கான்னு பார்த்துட்டு வந்துடுறேன்."

"போயிட்டு வா. இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன்?"

நான் பின்பக்கமாக நடந்து பெருக்கிக்கொண்டே வந்தேன், அவர் காலடியையும் என் காலடியையும். நான் சொன்னபடி அவர் நின்றார். நான் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார், பிறகு சில்கேயைக் கூப்பிட்டார். தடத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்று குனிந்திருப்பார், கவெசேரி சொன்ன அந்த விதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று கிழக்குக் காற்று வரும் என்று முந்தின சாயங்காலமே எனக்குத் தெரியும், காற்றில் சூடான மண்வாசனை இருந்தது. பனி விலகியதும் அது புழுதியை வாரிக்கொண்டு அடுப்பு மாதிரி வீசியது. நான் பெருக்கியே இருக்க வேண்டியதில்லை, காற்றே எல்லாவற்றையும் அழித்திருக்கும். ஆனால் வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

தேடிப் போனவர்களுக்கு மக்காச்சோளக் களி கிண்டிக் கொடுத்தேன். சில்கே அம்மா குடில் வாசலிலேயே நின்றார். "காலடியைப் பார்த்தே வந்துடுவாரு, இல்ல ஒட்டிலி? நீங்க எல்லாரும்தானே சொல்லிக் கொடுத்தீங்க," என்றார். வாசலில் ரைமுண்ட் ஐயா கடைசியாக மிதித்த தடத்தைப் பெருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் பெருக்கவில்லை. அவர்கள் தேடிய அந்த இரண்டு நாளும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெருக்காத வாசலைத் தாண்டிப் போவது எவ்வளவு வேதனை என்று உங்களுக்குப் புரியாது.

கவெசேரிதான் அவரைக் கண்டுபிடித்தான். கடலுக்கு முதுகைக் காட்டியபடி கிடந்தாராம். சட்டைப்பையில் கைபேசி இருந்தது. அதில் படம் இருந்தது. கவெசேரி படத்தைப் பார்த்தான், பிறகு என் இடது காலைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சரளைத் தரைக்குப் போய் அத்தனை கல்லையும் அவனே ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தான். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, இரண்டு வரிசையாக என் கால்.

"ஏன்க்கா?" என்றான். அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். கோத்ஹார்ட் லாரியைப் பிடிக்கப் போனது சாமான் வாங்க இல்லை. வால்விஸ் பே துறைமுக ஊரில் ஒருத்தி இருந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் சொல்லாமல் கிளம்பினார். நான் வழியனுப்பத்தான் பின்னால் போனேன். துடைப்பம் கையில் இருந்தது, மணலில் கை தன்னால் வேலை செய்தது. சரளைத் தரையைத் தாண்டி மேட்டுக்கு அப்பால் பனி கெட்டியானபோது அவர் நின்றார். திரும்பினார். குனிந்து தன் காலடியைத் தேடினார். அவர் புகையிலை வாசனை எனக்கு வந்தது, அவ்வளவு பக்கத்தில் நின்றேன். நான் அவரைத் தொடவில்லை. பொய் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். சத்தம் ஓயும் வரை அங்கேயேதான் இருந்தேன், அவரைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

அவர் என்னை உதறிவிட்டுப் போனார் என்று இனிமேல் ஊரில் பேசுவார்கள். அதனால் இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தப் பனிக்குள் கடைசி வரைக்கும் அவர் கூப்பிட்டது என் பெயரைத்தான். அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.