மிளகு சேராத வறுவல்

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஸ்டேஷனில் காலையில் கொடுத்த இட்டிலியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. புளிப்பு கூட, உளுந்து குறைவு. குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. எதைத் தின்றாலும் கவனித்துத் தின்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்திலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும். ரைட்டர் தம்பி நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் வால்டர். ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்து பல காலமாயிற்று, பிள்ளைகள் இல்லை. எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் சாப்பாடு. மதுவிலக்கு வந்தபோது தெருவே துக்கம் காத்தது, எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் தட்டைக் கண்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. சனிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டு, "போசனப்பிரியம், சாமி" என்று பாவசங்கீர்த்தனம் செய்வேன். தலையான பாவங்கள் ஏழில் எனக்கு வாய்த்தது அது ஒன்றுதான். மற்ற ஆறுக்கும் வயிற்றில் இடமில்லை.

கேட்டுக் கேட்டுப் பங்குச் சாமியாருக்கே அலுத்துவிட்டது.

"வால்டர், உன் பாவம் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. வேற ஏதாவது செஞ்சிட்டாவது வாயேன்" என்றார். அப்புறம் அபராதமாக ஒன்று சொன்னார். "ஒரு நோட்டு போடு. தினம் என்ன சாப்பிட்டேன்னு எழுது. பசிக்குச் சாப்பிட்டியா, ஆசைக்குச் சாப்பிட்டியா, அதையும் எழுது. ஒவ்வொரு வாயும் என்ன ருசின்னு கவனிச்சு மெல்லு. நொறுங்கத் தின்னா நூறு வயசு."

நூறு வயது வரை இந்த ராயபுரத்தில் என்ன செய்வது என்று தோன்றியது. ஆனாலும் அபராதம் அபராதம்தானே. எழுத ஆரம்பித்தேன்.

முதலில் ஆசைக் கட்டம்தான் நிரம்பியது. மூன்றாவது தட்டுச் சோற்றைப் பசி என்று எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. மெல்ல மெல்ல மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. கோயில் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் கிடைத்தது. சுயராஜ்யம் வந்த அடுத்த வருஷம் பிறப்பதற்குள் நோட்டில் பக்கம் பக்கமாகப் பசி என்று மட்டுமே இருந்தது. போசனப்பிரியத்தை நான் ஜெயித்துவிட்டேன் ஐயா. இதை அழுத்தமாக எழுதச் சொல்லுங்கள்.

அப்போதுதான் வியாகுலம்மாளைக் கண்டுபிடித்தேன். அவள் யுத்த காலத்திலிருந்தே என் வீட்டில் சமைத்தவள். காசிமேட்டுப் பெண், விதவை. இத்தனை வருஷமும் அவள் சமையலை விழுங்கினேனே தவிர ருசித்ததில்லை. கவனித்து மென்றபோதுதான் தெரிந்தது, என் அடுப்பங்கரையில் இருப்பது சாதாரண ஆள் இல்லை என்று. நாற்றமடிக்கும் ரேஷன் அரிசியை வடித்து அதற்கொரு ரசம் வைப்பாள். அந்த ரசத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே மடவைச் சினை வறுவல். எண்ணூர்க் கழிமுகத்து மடவை சினை பிடிக்கும் காலத்தில் வாங்கிவருவாள். மிளகாய், மஞ்சள், பூண்டு, உப்பு, அவ்வளவுதான். மிளகு சேர்க்க மாட்டாள். மிளகு போட்டால் சினையின் ருசி அமுங்கிவிடும் என்பாள். இத்தனைக்கும் அவள் அதை வாயில் வைத்ததே கிடையாது.

"ஒரு சினைல எத்தினி உசுரு கீது. அத்தத் துன்ன எனக்கு மனசு வராது ஐயா" என்பாள்.

ருசி பார்க்காமலே அப்படி வறுக்கிற கை உலகத்தில் வேறு இருக்காது. ஒரு துண்டைத் தின்று முடிக்க எனக்கு அரை மணி ஆகும். கண்ணை மூடிக்கொள்வேன். ஜெபத்தில்கூட எனக்கு அந்த அமைதி வந்ததில்லை. சாமியாரிடம் இதைச் சொல்லவில்லை, மனசு கஷ்டப்படுவார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"வர ஞாயித்துக்கெழம கோயில்ல எனக்கு ஓல படிக்கிறாங்கோ ஐயா."

மாப்பிள்ளை சந்தியாகு. மீஞ்சூர் ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன், பெண்டாட்டியை இழந்தவன். சொந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஏரிக் கெண்டையைத் தாண்டி வேறு மீன் அறியாதவன். அவன் எப்படிச் சாப்பிடுவான் என்று கேட்டேன்.

"இன்னா வச்சாலும் துன்னுவாரு. ரயில் வர்றதுக்குள்ள துன்னணுமே" என்று சிரித்தாள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ரசத்தை, அந்த வறுவலை, கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒருவன் அள்ளிப் போட்டுக்கொள்ளப் போகிறான். ருசிக்கத் தெரியாதவனுக்கு அதைக் கொடுப்பது அக்கிரமம் இல்லையா? இதைப் பொறாமை என்று எழுதாதீர்கள். அக்கிரமம் என்றே எழுதுங்கள்.

முறைப்படி என்ன செய்யலாமோ அதையெல்லாம் செய்தேன். ஓலை என்கிற கலியாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். இந்தக் கலியாணத்துக்கு விக்கினம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்பார்கள். முதல் ஓலை முடிந்ததும் சாமியாரிடம் போனேன்.

"எனக்கு ஒரு விக்கினம் தெரியும் சாமி. அவள் போயிட்டா எனக்கு யார் சமைப்பா?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது விக்கினம் இல்லடா, உன் வயிறு."

இரண்டாம் ஓலைக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, வெட்கத்தை விட்டு, வியாகுலம்மாளிடமே கேட்டேன். கலியாணம்தான் வேண்டுமென்றால் நானே கட்டிக்கொள்கிறேன், இந்த வீடும் உனக்குத்தான் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"எனக்குத் துன்ற ஆளு ஓணும் ஐயா. நீங்கோ எழுதற ஆளு" என்றாள்.

இது எனக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டேன். நோட்டைப் பாருங்கள், வாளைமீன் குழம்பு, பசி, ருசி நன்று என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். வலையில் வந்து வேண்டாமென்று வீசிய பேத்தை மீன்கள் மணலில் வயிறு உப்பிக் கிடந்தன. ஒன்றைக் குனிந்து எடுத்தேன். மீன் கூடைக்காரி செல்லம்மா சத்தம் போட்டாள்.

"ஐயே, அத்தப் போடு மாமு. பேத்த அது. அதும் சினயத் துன்னா மொதல்ல ஒதடு மரத்துப்பூடும், அப்பால கை காலு, அப்பால மூச்சே நின்னுபூடும். நாய்கூட மோந்து பாக்காது."

அவள் அந்தப் பக்கம் போன பிறகு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். வியாகுலம்மாள் சினை தின்ன மாட்டாள் என்பதை முதலிலேயே யோசித்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு ஆபத்து வருமென்றால் இந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன். நான் கொடுமைக்காரன் இல்லை.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தபோது நானே வறுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் சமையல். அவள் போடுவதைத்தான் போட்டேன். மஞ்சள் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. ருசி பார்க்கவில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நானும் கோயிலுக்குப் போய், வழக்கம்போல் ஒரே ஒரு பாவத்தைச் சொன்னேன். மற்றது இன்னும் நடக்கவில்லை. செய்யாத பாவத்தைச் சொல்வது பொய் சொல்வதாகும்.

ஞாயிறு காலையில் மூன்றாம் ஓலை. வியாகுலம்மாள் விடியுமுன்னே மடவைச் சினையை வறுத்துப் பித்தளைத் தூக்கில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனாள். பூசை முடிந்து அதை எடுத்துக்கொண்டு மீஞ்சூருக்கு ரயிலேறுவதாக ஏற்பாடு. எனக்கு முழங்கால் வலி என்று வீட்டில் இருந்துகொண்டேன். தூக்கிலிருந்ததை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். அவள் வறுத்ததை வீணாக்குவது பாவம் என்று உட்கார்ந்து, நிதானமாக, முழுவதையும் சாப்பிட்டேன். அதுவும் நோட்டில் இருக்கிறது. ருசி உத்தமம். மற்றதைத் தேடிப் பக்கங்களைப் புரட்டாதீர்கள். நான் தின்றதைத்தான் எழுதுவேன். அடுத்தவனுக்குக் கொடுத்ததை எழுத அதில் கட்டம் இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அல்லாத்தையும் வயிச்சுத் துன்னுட்டாரு ஐயா. இன்னிக்கு கைமணமே வேற மாரி கீதுன்னாரு. ஒதடு மட்டும் சுர்ருங்குது, மொளகு ஜாஸ்தின்னாரு. நான் எங்க ஐயா மொளகு போட்டேன்?"

நானும் போடவில்லை. ஆனால் ஐயா, மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த உலகத்தில் என் சமையலைச் சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான், அவனும் புகழ்ந்துவிட்டான். அன்று ராத்திரி அவன் மூச்சு நின்றது என்று மறுநாள் தகவல் வந்தது. கூடவே நீங்கள் வந்து வியாகுலம்மாளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். தூக்கு அவளுடையது, வறுவல் அவளுடையது, டாக்டர் மீன் விஷம் என்கிறார், நீங்கள் வேறு யாரைப் பிடிப்பீர்கள்? உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் போட்ட கூச்சல்தான் இன்னும் காதில் இருக்கிறது. "நான் கொல்லல சாமி, என் கையால நான் கொல்லல" என்று தெருக்கோடி வரை கேட்டது. தெருவில் ஒருத்தரும் அவளை நம்பவில்லை.

நான் கணக்குப் போட்டதில் தப்பு அந்த ஒரு இடத்தில்தான். சந்தியாகு போனால் அவள் என் அடுப்பங்கரையிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். உங்கள் லாக்கப்பை நினைக்கவில்லை.

அப்புறம் ஓட்டல் சாப்பாடு. திங்கள், தண்ணீர்ச் சாம்பார். செவ்வாய், ஊசின பொரியல். புதன், எழுதக் கை வரவில்லை. அவளைத் தூக்கில் போட்டுவிட்டால் மிச்சமுள்ள காலமெல்லாம் இதுதானே என்று நினைத்தேன், என்னை அறியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. வியாழக்கிழமை எழுந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, நான்தான் செய்தேன் என்றேன். ஒரு குற்றமும் இல்லாத பெண் சாவதைப் பொறுக்க முடியவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மை.

நேற்று நீங்கள் அவளை விட்டபோது உங்களிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டேன். அவள் கையால் ஒரு வேளைச் சாப்பாடு. வரமாட்டாள் என்று நீங்கள் சிரித்தீர்கள். இன்று மத்தியானம் வந்தாளா இல்லையா? அதே பித்தளைத் தூக்கு. திறந்தால் சினை வறுவல். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் கடைசித் துண்டைத் தின்று முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் நான் சாப்பிடுவதை அவள் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. காலித் தூக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மன்னித்துவிட்டாள் என்பது தெரிந்தது.

ரைட்டர் தம்பி, முடிந்தது, கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பேனாவைக் கொஞ்சம் விரலில் அழுத்தி வையுங்கள், பிடி நிற்கவில்லை. இன்றைய நோட்டையும் நீங்களே எழுதிவிடுங்கள். சினை வறுவல், பசி, ருசி உத்தமம். உதடு மட்டும் லேசாகச் சுர்ரென்கிறது என்றும் போடுங்கள். சந்தோஷத்தில் மிளகைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டாள்.