மேசையில் கொட்டின நண்டு

— ஜக்கெட்டை உதில கொழுவாதேங்கோ மாமி. நண்டு மணம் பிடிச்சால் ரெண்டு கிழமைக்குப் போகாது. தாங்கோ, மேல கொண்டுபோய் வைக்கிறன்.

— வயித்துப் பிள்ளையோட நீர் படி ஏறாதையும். நான் கன நேரம் நிக்க வரேல்ல, கரோலின். ஒரு கதை சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்.

— தனியவோ? மாமா எங்க?

— அவர் காருக்கு ஒயில் மாத்தப் போட்டார். நான் கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான், பக்கத்து வீட்டு வேரோனிக்கா காரில கொண்டுவந்து இறக்கிவிட்டவ. எங்க நிதுசன்?

— சனிக்கிழமையும் அவருக்கு வேலைதான், மாமி. பின்னேரமாகும்.

— அப்ப இந்தப் பெரிய பானையில ஆருக்குக் காய்ச்சிறீர்?

— சும்மா... பசிக்குதுதானே, ரெண்டு பேருக்குச் சாப்பிடுறன்.

— உது என்ன சாமான்? கறியும் இல்லை, சொதியும் இல்லை.

— கேஜன் பொயில். அமெரிக்காவில லூசியானாப் பக்கத்துச் சாப்பாடு. நண்டு, இறால், மட்டி, சோளம், சின்ன உருளைக்கிழங்கு எல்லாத்தையும் ஒரே பானையில அவிச்சு, உள்ளியும் மிளகாய்த் தூளும் வதக்கின பட்டரில பிரட்டி, மேசையில பேப்பரை விரிச்சு அப்பிடியே கொட்டுறது. கோப்பையும் இல்லை, கரண்டியும் இல்லை.

— மேசையிலயோ? முருகா! அந்த ஊர்ச் சனத்துக்குக் கோப்பை கழுவப் பஞ்சியாக்கும்.

— இருங்கோ மாமி, பிளேன்ரீ போடுறன்.

— வேண்டாம். இருந்தால் கதை மாறிப்போகும். நேர சொல்லிப்போடுறன். நாங்கள் இஞ்ச வந்து இருக்கேலாது பிள்ளை. மாமாவுக்கும் சரிவராது, எனக்கும் சரிவராது. நிதுசனுக்கு நீர்தான் பக்குவமாச் சொல்லோணும்.

— அறைக்குப் பெயின்ற்கூட அடிச்சு முடிஞ்சுது மாமி.

— தெரியும்.

— சித்திரையில பிள்ளை பிறக்குது. எனக்கு அம்மாவும் இல்லை.

— அதுவும் தெரியும். நான் வராமல் விடுவனே? காலமை வந்து நாள் முழுக்க நிப்பன். பின்னேரம் திரும்பிப் போவன்.

— ஸ்காபுறோவில இருந்து இஞ்ச மார்க்கம் வரைக்கும், ஸ்னோவுக்குள்ள, பஸ்ஸிலயோ? உண்மையைச் சொல்லுங்கோ. நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி எண்டுதானே?

— சீச்சீ! என்ன கதை கதைக்கிறீர்? அப்பிடி நினைச்சிருந்தால் கலியாணத்துக்கு ஓமெண்டிருப்பமே?

— அப்ப இந்த மணமோ? ஏன் மாமி பானையையே பார்க்கிறீங்கள்? மணம்தான். சரி. நான் முதலே யோசிச்சு வைச்சிட்டன். இண்டைக்குத்தான் கடைசி. இனி இந்த வீட்டில மீனும் இல்லை, நண்டும் இல்லை, இறைச்சியும் இல்லை. நிதுசனும் நானும் விட்டிடுறம். சீரியஸாத்தான் சொல்லுறன். பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டு ஆரும் சாகேல்ல.

— பாசையூர்க் கடற்கரையில மீனோட வளந்த பிள்ளை, மீனை விடப்போறீரோ?

— நீங்கள் ரெண்டு பேரும் பிறந்ததில இருந்து சைவமாத்தானே இருக்கிறீங்கள். என்னால ஏலாதே?

— வேண்டாம். அந்தப் பிழையை மட்டும் செய்யாதையும்.

— என்ன பிழை?

— ஒண்டுமில்லை. பானையைப் பாரும், கொதிக்குது.

— அப்ப நண்டைப் போடுறன்.

— பொறும், பொறும். உந்தக் கறுத்ததைப் போடாதையும். கையில தூக்கிப் பாரும், பாரமே இல்லை. பறுவ நிலவில பிடிச்ச நண்டாக்கும், உள்ளுக்குத் தசை இராது, தண்ணிதான். மற்றதைப் போடும். ஓம், அது. வயிறு மேல பார்க்கப் போடும், நெய் ஓடிப்போயிடும்.

— மாமி.

— என்ன?

— சைவக்காரிக்கு நண்டின்ர பாரம் எப்பிடித் தெரியும்?

— தண்ணி தாரும், பிள்ளை. இருக்கப்போறன்.

— இந்தாங்கோ. ஆறுதலாக் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.

— நான் காரைநகரில பிறந்தனான். அப்பு சந்தைக்குப் போனால் நண்டில்லாமல் வரமாட்டார். பிறகு கலியாணப் பேச்சு வந்தது. தரகர் இராசரத்தினத்தார் சொன்னார், 'மாப்பிள்ளை கனடாவில, சுத்த சைவம், முட்டையும் தொடார், பொம்பிளையும் அப்பிடியெண்டால்தான் சரிவரும்' எண்டு. அம்மா யோசிக்கவே இல்லை. 'எங்கட பிள்ளைக்கு மீன் மணமே ஒத்துவராது' எண்டுபோட்டா. அடுப்பில திருக்கைக் கறி கொதிச்சுக்கொண்டு கிடக்குது!

— ஓ மை கோட்.

— இஞ்ச வந்து இறங்கினன். சென் ஜேம்ஸ் ரவுணில ஒரு அறை. அவர் எனக்கெண்டு புதுச் சட்டி பானை வாங்கி வைச்சிருந்தார். 'சந்திரா, உதில மீன் பட்டதே இல்லை, பயப்பிடாமல் சமையும்' எண்டார். எனக்கு அழுகை வந்திட்டுது. இவ்வளவு சுத்தமான மனுசனுக்குப் பொய் சொல்லி வந்திட்டனே எண்டு. அண்டைக்கு விட்டதுதான். முப்பது வருசமாச்சு. ஏன் சிரிக்கிறீர்?

— சிரிக்கேல்ல மாமி. தூள் மூக்கில ஏறிட்டுது.

— மணம் பிடிக்காமல் வரமாட்டன் எண்டு நீர் நினைக்கிறீர். மணம் பிடிக்கிறதுதான் பிள்ளை என்ர பயம். இந்த வீட்டில இருந்தால் ஒரு நாளைக்கு நான் கை வைச்சிடுவன். பிறகு அந்த மனுசனுக்குப் பக்கத்தில எப்பிடிப் படுக்கிறது? அவர் பாவம், உடைஞ்சு போவார்.

— தள்ளி இருங்கோ மாமி. கொட்டப்போறன்.

— முருகா. என்ன நிறம்!

— இந்தாங்கோ. ஒரு கால்.

— வேண்டாம்.

— ஒண்டே ஒண்டு.

— கிட்டக் கொண்டு வராதையும் எண்டுறன்... சரி, தாரும். ருசி பார்க்கிறதுக்கு மட்டும்.

— உடைக்கிறதுக்குக் குறடு இருக்கு.

— குறடு எதுக்கு? பல்லு இருக்கு.

— எப்பிடி மாமி?

— கதைக்காதையும்.

— அழுறீங்கள்.

— உறைப்பு... உறைப்பில்லை பிள்ளை. சரியான ருசி. எங்கட கறிக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை, ஆனா அந்த உள்ளியும் பட்டரும் என்னவோ செய்யுது. சோளத்தை ஏன் போட்டவங்கள் எண்டு இப்பதான் விளங்குது. அந்த இனிப்பு இல்லாட்டி இந்த உறைப்பைத் தாங்கேலாது. இறாலை இஞ்சால தள்ளும். பேப்பரில வழியிற பட்டரைக் கிழங்கால துடைச்சுச் சாப்பிடும், வீணாக்காதையும். மாமாவுக்குச் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணும்.

— மாமி, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். ஆனா அதைச் சொல்லமாட்டன் எண்டும் சத்தியம் பண்ணிக் கிடக்கு.

— ஆருக்கு?

— கராஜ் கதவு திறபடுது.

— நிதுசனோ?

— இல்லை மாமி.

— கரோலின், பிள்ளை! மாமி கோயிலுக்குப் போட்டா, விளங்குதே? ரெண்டு மணித்தியாலம் வடிவாக் கிடக்கு. போன கிழமை மாதிரி இல்லாமல் இண்டைக்கு எனக்கு ரெண்டு நண்டு... சந்திரா?

— சந்திராதான். காருக்கு ஒயில் மாத்தியாச்சோ?

— இல்லை... அது வந்து... பிள்ளை தனிய இருக்கிறாள், துணைக்கு நிப்பமெண்டு வந்தனான், விளங்குதே? நான் உதுகளைத் தொடுறதில்லை. சும்மா பார்த்துக்கொண்டு இருப்பன்.

— போன கிழமையும் பார்த்துக்கொண்டோ இருந்தனீங்கள்?

— ஐ ஆம் சொறி, மாமி. ஒரு வருசமா நடக்குது. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு மாமா கெஞ்சினவர்.

— சரி, சாப்பிட்டனான். மறைக்கேல்ல. மன்னிச்சுக்கொள்ளும் சந்திரா. இனித் தொடன், பிள்ளையார் சத்தியமாத் தொடன். உமக்காண்டி இவ்வளவு காலம் விட்டிருந்தனான், வயசு போகப்போக ஏலாமல் போட்டுது. வாரும், வெளியால போவம். இந்த மணத்துக்குள்ள நிண்டால் உமக்குத் தலை சுத்தும்.

— எனக்காண்டியோ?

— பின்னை ஆருக்காண்டி? பொம்பிளை சுத்த சைவம், மாப்பிள்ளையும் விடோணும் எண்டு இராசரத்தினத்தார்தானே எனக்குச் சொன்னவர்.

— என்ர கையைப் பாருங்கோ.

— என்ன மஞ்சளாக் கிடக்கு... பட்டரோ?

— வாயிலயும் நாடியிலயும் இருக்கு, மாமா.

— சந்திரா, நீரோ?

— நான்தான். திருக்கை, சுறா, கணவாய், ஒண்டும் விடாமல் திண்டு வளந்த சந்திரா.

— ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் எண்டு சொல்லுறவை. தரகர் மனுசன் ரெண்டே ரெண்டோட முடிச்சுப்போட்டார், விளங்குதே!

— சிரிக்காதேங்கோ. எனக்குக் கோவம் வருது. ஆரில எண்டுதான் தெரியேல்ல. அந்தாளும் செத்துப்போச்சு, போய் ரெண்டு வார்த்தை கேக்கவும் ஏலாது. எத்தினை சனிக்கிழமை! எத்தினை கிலோ கத்தரிக்காய்!

— உமக்குக் கத்தரிக்காய் விருப்பமெண்டு எல்லே நான் தேடித்தேடி வாங்கினனான்?

— உங்களுக்கு விருப்பமெண்டு எல்லே நான் சமைச்சனான்?

— மாமி, குறுக்க கதைக்கிறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. நிதுசனுக்கு நான் என்ன சொல்ல?

— வாற சனிக்கு எங்கட சாமான் ஏத்த வான் பிடிக்கச் சொல்லும். நீரும் ஒண்டையும் விடத் தேவையில்லை, கேட்டுதே? நீங்கள் ஏன் இன்னும் நிக்கிறியள்? கையைக் கழுவிப்போட்டு இருங்கோ, ஆறப்போகுது.

— இந்தாரும் சந்திரா. இந்தப் பெரிய காலை நீர் எடும். எனக்குச் சின்னது காணும்.

— தாங்கோ. வேண்டாமெண்டு சொல்லமாட்டன். இனி உங்களுக்காண்டி நான் ஒண்டையும் விடுறதா இல்லை.