தாய்மாமன் கல்யாணமும் பெரிய மகளின் ஆராய்ச்சியும்

“பெரியவ எழுதுனத நம்புனா, சின்னவ கல்யாணமே நின்னு போகும்டி” என்றார் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா. கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டைக்குச் சின்னவளின் நிச்சயதார்த்தச் சேலை எடுக்கப் போகிறார்கள். பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண்.

“அப்படி என்னக்கா எழுதிருக்கு?”

“மரபணு ஆராய்ச்சி. சொந்தத்துல கட்டுனா புள்ளைக்கு நோய் வரலாம்னு கட்டுரை கட்டுரையா எழுதிருக்கா. வெளிநாட்டுக்காரங்ககூட அவ பேரப் போட்டுத்தான் எழுதுறாங்களாம்.”

“அது அவுகளுக்குக்கா. தாய்மாமன் ஒங்க தம்பி இருக்கையில வெளிய குடுத்தா ஊரு சிரிக்காது?”

“நானும் அதத்தான் சொன்னேன். ‘ஒன் ஆராய்ச்சிய அங்கிட்டு வச்சுக்க’ன்னேன். அவ சண்ட போடலடி. ‘எத்தன பேரு படிச்சு என்னம்மா, நீ கேக்கலையே’ன்னுட்டு போன வச்சுட்டா.”

புதுக்கோட்டையில் நானும் அவர்கள் பின்னாலேயே இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார்: “ஜவுளிக்கடைக்கு இங்கிட்டுதானேக்கா?”

“சேல இருக்கட்டும். தம்பி வீட்டுக்குப் போயிப் பேசிட்டு வருவோம்.”

“கோவிச்சுக்குவாரேக்கா!”

“கோவிச்சா கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணிக்கலாம். பொறக்கப்போற புள்ளைகிட்ட என்னத்தடி சொல்லுவேன்?”